மால்குடி ஸ்டேஷன் வந்தது எப்படி?

மால்குடி என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று பெங்களூர்க்காரர்களைக் கேட்டால் பதில் தயாராக இருக்கும். மல்லேஸ்வரத்தில் பாதி, பசவனகுடியில் பாதி. இரண்டையும் ஒட்டினால் மால்குடி! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஊர்ப் பெருமைக்கும் உகந்தது. ஆனால் அந்த ஊரைப் படைத்த ஆர்.கே. நாராயண் சொன்ன கணக்கு வேறு. திருச்சிப் பக்கம் லால்குடி இருக்கிறது, கும்பகோணத்துப் பக்கம் மாங்குடி இருக்கிறது, மால்குடி மட்டும் எந்தத் தேசப்படத்திலும் இல்லை. அதனால்தான் அந்தப் பெயர் தமக்குப் பிடித்துப் போயிற்று என்பது அவர் தந்த விளக்கம்.

பெயர் கிடக்கட்டும். ஊர் எங்கிருந்து வந்தது? தெருக்களும் பள்ளிக்கூடமும் சரயு நதியும் மெம்பி மலையும் லாலி எக்ஸ்டென்ஷனுமாக உலகம் முழுவதும் தெரிந்துகொண்ட ஓர் ஊர், ஒரு மனிதரின் மனத்தில் எப்படி முளைத்தது? கற்பனை ஊற்று என்கிறார்களே, அது எங்கே சுரக்கிறது? எழுதுகிறவர்களையும் பாடுகிறவர்களையும் எல்லோரும் கேட்கிற கேள்வி இது. பெரும்பாலோர் மழுப்பிவிடுவார்கள். நாராயண் மழுப்பவில்லை. தம் சுயசரிதையில் நாள், இடம், நோட்டுப் புத்தகம் உட்பட எழுதி வைத்துவிட்டார்.

பாட்டி பார்த்த நாள்

1930-ம் வருஷம் செப்டம்பர் மாதம். நாராயணசுவாமிக்கு (அப்போது முழுப் பெயர் அதுதான்) வயது 23. பி.ஏ. முடித்திருந்தார். உத்தியோகம் இல்லை. பெங்களூரில் பாட்டியுடன் இருந்தார். நாவல் எழுதப் போகிறேன் என்று பேரன் சொன்னதும் பாட்டி சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. எந்தக் காரியமானாலும் நல்ல நாள் பார்த்துத் தொடங்க வேண்டும் என்பது அந்தக் காலத்துப் பாட்டிகளின் சட்டம். பஞ்சாங்கத்தைப் பார்த்து ஒரு நாளைக் குறித்துக் கொடுத்தார்.

பேரன் கடைக்குப் போய் ஒரு நோட்டு வாங்கி வந்து உட்கார்ந்தார். கையில் பேனா இருக்கிறது. எழுத விஷயம் இல்லை. பேனாவைக் கடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் கண் முன்னால் ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷன் மிதந்து வந்தது. பெயரும் கூடவே வந்தது: மால்குடி. பிளாட்பாரத்தில் சுவாமிநாதன் என்ற பையன் வண்டியில் இருக்கிறவர்களின் முகங்களை உற்றுப் பார்த்தபடி ஓடுகிறான். ஒரு தாடிக்காரரைப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறான். எல்லாம் தயாராக வந்து நின்றதாம். அன்றைக்கு முதல் வரி விழுந்தது.

இதைப் படிக்கிற யாருக்கும், ஆஹா, இதுவல்லவா தெய்வ அருள் என்று தோன்றும். தோன்றட்டும். ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஸ்டேஷன் வந்தபோது அவர் கட்டிலில் படுத்துக் கனவு கண்டுகொண்டிருக்கவில்லை. நோட்டும் பேனாவுமாக, எழுதியே தீர்வது என்று உட்கார்ந்திருந்தார். இரண்டாவது, அப்படி முதலில் தோன்றிய ஸ்டேஷன் புத்தகத்தின் தொடக்கத்தில் இல்லை. கதை ஒரு திங்கட்கிழமை காலையில், வீட்டுப் பாடம் முடிக்காத பையனோடு ஆரம்பமாகிறது. ஸ்டேஷன் வருவது கடைசியில்தான். சிநேகிதன் ராஜம் ஊரைவிட்டுப் போகும்போது, சுவாமிநாதன் ஒரு புத்தகத்தைக் கொடுத்து வழியனுப்ப அங்கே ஓடுகிறான். முதல் நாள் பார்த்த காட்சிக்குப் போய்ச் சேர அவர் முழு நாவலையும் எழுத வேண்டியிருந்தது.

புரசைவாக்கம் முதல் மைசூர் வரை

தயாராக வந்தது என்றாரே, அதைத் தயார் செய்தது யார்? அவர் வாழ்ந்த அந்த 23 வருஷங்கள்தான் என்று சொன்னால் தவறில்லை.

நாராயண் 1906 அக்டோபர் 10-ம் தேதி சென்னையில் பிறந்தார். வளர்ந்தது புரசைவாக்கம் வெள்ளாளத் தெருவில், தாய்வழிப் பாட்டி பார்வதியிடம். தகப்பனார் கிருஷ்ணசாமி ஐயர் மைசூர் சமஸ்தானத்தில் தலைமையாசிரியர். ஊர் ஊராக மாற்றலாகிற வேலை. ஆகவே பிள்ளை பாட்டியிடம். அந்த வீட்டில் அவருக்கு விளையாட்டுத் துணை ஒரு மயிலும் ஒரு குரங்கும். மாலையானால் பாட்டியிடம் வாய்ப்பாடு, தமிழ்ச் செய்யுள், சுலோகம், ராகம் என்று வரிசையாகப் பாடம். பிறகு கதை. தாய்மாமன் டி.என். சேஷாசலமோ 'கலாநிலயம்' என்ற தமிழ் இலக்கியப் பத்திரிகையை நடத்தியவர். பிற்காலத்தில் ஆங்கிலத்தில் மட்டுமே எழுதிய ஒருவர், காது நிறையத் தமிழ் கேட்டு வளர்ந்தார் என்பதை நம்மவர்களே பலர் அறிய மாட்டார்கள்.

பள்ளிக்கூடம், புரசைவாக்கத்து லுத்தரன் மிஷன் பள்ளி. பைபிள் வகுப்பில் இந்துப் பையனான அவரைக் குறிவைத்து நடந்த கேலி, மால்குடியின் ஆல்பர்ட் மிஷன் பள்ளியில் சுவாமிநாதனுக்கு நடக்கிறது. அது தானாகவா மிதந்து வந்தது? பத்துப் பன்னிரண்டு வருஷமாக உள்ளே கிடந்தது, வெளியே வந்தது.

பிறகு தகப்பனாருடன் மைசூர் வாசம். சர்வகலாசாலைப் பிரவேசப் பரீட்சையில் தேறவில்லை. எந்தப் பாடத்தில் என்று நினைக்கிறீர்கள்? ஆங்கிலத்தில்! அடுத்த பரீட்சை வரை சும்மா இருந்த அந்த ஒரு வருஷத்தில் அவர் செய்ததெல்லாம் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் புத்தகமும் கையுமாக உட்கார்ந்ததுதான். பி.ஏ. படிப்பையும் மூன்று வருஷத்துக்குப் பதில் நான்கு வருஷத்தில் முடித்தார். தகப்பனார் உருப்படியாக ஓர் ஆசிரியர் வேலைக்கு ஏற்பாடு செய்தார். சென்னபட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனவர், தேகப்பயிற்சி ஆசிரியர் வராத நாளில் அந்த வகுப்பை எடுக்கச் சொன்னார்கள் என்று கோபித்துக்கொண்டு வேலையை விட்டார். ஒரு குடும்பத் தலைவருக்கு இப்படி ஒரு பிள்ளை இருந்தால் என்ன பாடு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தேம்ஸ் நதியில் போட்டுவிடு!

வெற்றி உடனே வந்துவிட்டதா? அதுதான் இல்லை. எழுதிப் பிழைக்கப் புறப்பட்ட முதல் வருஷத்தில் அவருடைய மொத்த வருமானம் 9 ரூபாய் 12 அணா. அதுவும் கதைக்குக் கிடைத்ததல்ல. 17-ம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கடல் சட்டம் பற்றிய புத்தகத்துக்கு எழுதிய மதிப்புரைக்குக் கிடைத்தது. இரண்டாம் வருஷம் 'ஹிந்து'வில் வந்த ஒரு கதைக்கு 18 ரூபாய். மூன்றாம் வருஷம் குழந்தைகள் கதை ஒன்றுக்கு 30 ரூபாய். ஊற்று சுரந்துவிட்டது, தண்ணீர் வாய்க்காலுக்கு வரவில்லை.

மால்குடி நாவல் லண்டனுக்குப் போகும், திரும்பி வரும். மறுபடி போகும், மறுபடி வரும். மைசூரில் பக்கத்து வீட்டுச் சிநேகிதர் பூர்ணா அப்போது ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்தார். கடைசியாகத் திருப்பி அனுப்பிய பிரசுரகர்த்தரிடமிருந்து பிரதி அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. மனம் வெறுத்த நாராயண், அதில் ஒரு கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடு என்று அவருக்கு எழுதிவிட்டார்.

பூர்ணா கல்லைத் தேடவில்லை. அதே ஊரில் குடியிருந்த கிரஹாம் கிரீன் என்ற நாவலாசிரியரைத் தேடிப் போனார். கிரீனுக்கும் அப்போது முப்பது வயதுதான். பிரதியைப் படித்தார், பிடித்துவிட்டது. ஹமிஷ் ஹாமில்டன் கம்பெனிக்குத் தாமே சிபாரிசு செய்தார். நாவலை ஏற்றுக்கொண்டார்கள், காரணம் கிரஹாம் கிரீன் என்று மைசூருக்குத் தந்தி வந்தது. 1935-ல் 'சுவாமியும் சிநேகிதர்களும்' வெளிவந்தது. ஆங்கிலேயர்களின் நாக்குக்கு வசதியாக நாராயணசுவாமி, நாராயண் ஆனார்.

பாட்டி குறித்த நாள் நல்ல நாள்தான், சந்தேகமில்லை. ஆனால் அதற்கும் இந்தத் தந்திக்கும் நடுவே ஐந்து வருஷம் ஓடியிருக்கிறது. நடுவில் ஒரு சிநேகிதர் சொன்னபடி கேட்டிருந்தால் மால்குடி ஆற்றோடு போயிருக்கும். கற்பனை ஊற்றைப் பற்றிப் பேசுகிறவர்கள் பூர்ணா மாதிரி ஆட்களைப் பற்றிப் பேசுவதே இல்லை.

புத்தகம் விற்றதா என்றால், அதுவும் இல்லை. அடுத்தது 1937-ல் 'பி.ஏ. பட்டதாரி', 1938-ல் 'இருட்டறை'. மூன்று நாவல்களுக்கு மூன்று பிரசுரகர்த்தர்கள். ஒருவராவது இரண்டாவது தடவை கேட்கவில்லை.

மதியத் தபாலுக்குள்

இதற்கிடையில் கல்யாணமும் ஆகிவிட்டது. கோயம்புத்தூரில் தமக்கை வீட்டுக்குப் போனபோது, தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்க வந்த ராஜம் என்ற பெண்ணைப் பார்த்தார். ஜாதகம் சேரவில்லை என்றார்கள். செவ்வாய் சரியில்லை என்றார்கள். இவர் பிடிவாதமாக இருந்து அந்தப் பெண்ணையே மணந்தார்.

குடும்பம் நடத்தப் பணம் வேண்டுமே! சென்னையிலிருந்து வந்த 'ஜஸ்டிஸ்' பத்திரிகைக்கு மைசூர் நிருபரானார். அது பிராமணரல்லாதார் கட்சியின் பத்திரிகை. அதற்குச் செய்தி அனுப்பியவர் ஒரு ஐயர் வீட்டுப் பிள்ளை! மாதச் சம்பளம் கிடையாது. அச்சில் வந்த நீளத்துக்குத் தக்கபடிதான் கூலி. அனுப்பியதில் பாதியை ஆசிரியர் வெட்டிவிட்டால் கூலியிலும் பாதி போச்சு. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் கடைத்தெரு, கோர்ட், போலீஸ் ஸ்டேஷன், முனிசிபல் ஆபீஸ் என்று அலைய வேண்டும். எந்தக் கூட்டத்தில் யார் யாரைத் திட்டினார், எந்த வழக்கில் யார் ஜெயித்தார் என்று சேகரித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்து, டைப் அடித்து, மதியத் தபால் எடுப்பதற்குள் சாமராஜபுரம் தபாலாபீசில் சேர்த்துவிட வேண்டும்.

இந்த வேலை நெடுநாள் நீடிக்கவில்லை. காசும் அதிகம் தேறவில்லை. ஆனால் மால்குடிக்கு இதைவிடப் பெரிய மூலதனம் வேறு கிடைத்திருக்காது. நாராயணின் கதைகளில் வருகிறவர்கள் யார்? மரத்தடி ஜோசியன், கடன் மனுத் தாள் விற்கிறவன், அச்சாபீஸ்காரர், மிட்டாய்க் கடைக்காரர், கோர்ட் வாசலில் காத்திருக்கிற வாதி. ராஜா மந்திரி கிடையாது. மைசூர் மகாராஜாவின் அரண்மனை நாலு தெரு தள்ளி இருந்தும் அவர் கடைத்தெருவைத்தான் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தால் போதும், ஒரு கதாபாத்திரம் கிடைத்துவிடும் என்ற கருத்தில் பிற்காலத்தில் அவர் எழுதியிருக்கிறார். எட்டிப் பார்க்கிற எல்லோருக்கும் அது கிடைத்துவிடாது என்பதை அவர் எழுதவில்லை. எழுதாததற்கு அடக்கம்தான் காரணமாக இருக்கும்.

ஊற்று வறண்ட காலம்

1939-ல் ராஜம் டைபாய்டு காய்ச்சலில் இறந்தார். கல்யாணமாகி ஆறு வருஷம்கூட நிறையவில்லை. கையில் சின்னஞ்சிறு பெண் குழந்தை ஹேமா. நாராயணுக்கு 32 வயது.

இனி எழுதவே போவதில்லை என்ற நிலைமைக்கு அவர் வந்துவிட்டார். சென்னையில் ஆவிகளோடு பேசுவதாகச் சொன்ன ஒரு வக்கீலின் மூலம் இறந்துபோன மனைவியோடு தொடர்பு கொள்ள முயன்றார். அதில் அவருக்கு ஓர் ஆறுதல் கிடைத்தது. அதையெல்லாம் நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். நாராயண் நம்பினார்; வெளிப்படையாக எழுதவும் செய்தார். 1945-ல் வந்த 'ஆங்கில ஆசிரியர்' நாவலின் முதல் பாதி, அவரே ஒப்புக்கொண்டபடி, கிட்டத்தட்டச் சொந்தக் கதை. பெயரை மட்டும் மாற்றினார்: ராஜம், சுசீலா ஆனாள், காய்ச்சல் அதே காய்ச்சல்.

கற்பனையைத் தேனூற்று, தென்றல் என்றெல்லாம் வர்ணிக்கிறார்கள். இந்த நாவல் எந்தத் தென்றலிலும் வரவில்லை. இப்படி ஒரு விலை கொடுத்து ஒரு புத்தகம் எழுத வேண்டும் என்று யாரும் ஆசைப்பட மாட்டார்கள். நாராயண் பிறகு மறுமணம் செய்துகொள்ளவே இல்லை. மகளை வளர்த்தார், மைசூர்த் தெருக்களில் நடந்தார், எழுதினார்.

ரயில்வே ராஜு

அவருக்கு உலகப் பெயரை வாங்கிக் கொடுத்தது 'வழிகாட்டி' என்ற நாவல். 'கைடு' என்றால் எல்லோருக்கும் தெரியும். இதன் வித்து எங்கே கிடைத்தது என்பதையும் அவர் சொல்லியிருக்கிறார்.

ஒரு வருஷம் மைசூரில் மழை பொய்த்துவிட்டது. கிருஷ்ணராஜசாகர் அணையிலேயே தரை தெரிந்தது. காவிரியில் முழங்கால் தண்ணீரில் நின்று புரோகிதர்கள் விரதமிருந்து மழைக்காக ஜபம் செய்தார்கள். பன்னிரண்டாம் நாள் மழை கொட்டியது. ஊரே பார்த்தது, ஊரே பேசியது, பிறகு ஊர் மறந்துவிட்டது. நாராயண் மட்டும் மறக்கவில்லை. விருப்பமில்லாமல் இப்படி விரதத்தில் மாட்டிக்கொண்டவன் ஒரு போலியாக இருந்தால் என்ன ஆகும்? அந்த ஒரு கேள்வியில்தான் சிறையிலிருந்து வந்த ராஜு, மகானாகக் கும்பிடப்படுகிற ராஜு, பிறந்தான்.

ராஜுவின் பூர்வோத்தரத்தைப் பார்த்தால் மறுபடியும் மால்குடி ஸ்டேஷன்! வீட்டுக்கு எதிரே தண்டவாளம் போடுவதைப் பார்த்து வளர்ந்தவன். ஸ்டேஷனில் கடை போட்டவன். வண்டியிலிருந்து இறங்குகிறவர்களுக்கு ஊர் காட்டப் போய் 'ரயில்வே ராஜு' என்று பெயரெடுத்தவன். 1930-ல் பெங்களூரில் ஒரு நோட்டுப் புத்தகத்தின் முன்னால் வந்து நின்ற அந்த நிலையத்தில் ஆள் இறங்குவது கால் நூற்றாண்டுக்குப் பிறகும் நிற்கவில்லை.

எழுதியது எங்கே தெரியுமா? மைசூரிலோ காவிரிக்கரையிலோ அல்ல. 1956-ல் ராக்பெல்லர் நிதியுதவியில் அமெரிக்கா போனவர், கலிபோர்னியாவில் பெர்க்லி நகரத்தின் ஒரு ஹோட்டல் அறையில் உட்கார்ந்து, தினமும் இத்தனை சொற்கள் என்று வரையறை வைத்துக்கொண்டு எழுதி முடித்தார். காவிரி பல்லாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தது. கடைசியில் ராஜுவை உயிரோடு விடுவதா, சாகவிடுவதா என்ற தயக்கம் வந்தபோது, அவன் சாகத்தான் வேண்டும் என்று அடித்துச் சொன்னவர் பழைய சிநேகிதர் கிரஹாம் கிரீன். 1958-ல் புத்தகம் வெளிவந்தது; 1960-ல் சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது. ஆங்கில நூல் ஒன்றுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை. 1965-ல் தேவ் ஆனந்த் நடித்து இந்திப் படமும் வந்தது. மால்குடியை ராஜஸ்தானுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களே என்று நாராயணுக்குத் தாங்க முடியாத கோபம். தனிக் கட்டுரையே எழுதிக் கிண்டல் செய்து தீர்த்தார்.

எட்டு ஜன்னல்

மைசூர் யாதவகிரியில் அவர் சொந்த வீடு கட்டியபோது, எழுதுவதற்கென்றே மாடியில் அரை வட்டமாக ஓர் அறை அமைத்தார். எட்டு ஜன்னல்கள். தெற்கே சாமுண்டி மலை, கிழக்கே கோபுரங்களும் கும்மட்டங்களும், சரிவில் மேய்கிற ஆடு மாடுகள், குறுக்கே ஓடுகிற ரயில் வண்டிகள், ஜன்னலருகே பறவைகள் வந்து உட்காருகிற மரம். ஓர் எழுத்தாளருக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்போம்.

ஒரு வரி ஓடவில்லை! நாளெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததுதான் மிச்சம். இது சரிப்படாது என்று கண்டுகொண்ட நாராயண், கனமான சாம்பல் நிறத் திரைகளை வாங்கி ஜன்னல்களை மூடினார். பிறகுதான் வேலை நடந்தது.

எழுத ஆசைப்படுகிற இளைஞர்கள் பலர், நல்ல இடம் வேண்டும், அமைதி வேண்டும், ஆற்றங்கரை வேண்டும் என்று சொல்லிக் காலத்தைத் தள்ளுவதுண்டு. ஒண்டிக் குடித்தனத்தில், குழந்தை அழுகிற சத்தத்தில் எழுத வராதவனுக்கு எட்டு ஜன்னல் கிடைத்தாலும் வராது போலிருக்கிறது. பார்க்க வேண்டிய நேரத்தில் தெருவெல்லாம் பார்த்தார். எழுத வேண்டிய நேரத்தில் திரையைப் போட்டார். நாராயணின் ரகசியம் என்று ஒன்று இருக்குமானால் அது இந்தத் திரைக்குப் பின்னால்தான் இருக்கிறது.

அவர் 1990-களில் மகளோடு இருக்கச் சென்னைக்குப் போனார். 2001 மே 13-ம் தேதி, 94-வது வயதில் காலமானார். யாதவகிரி வீட்டை 2011-ல் இடிக்கத் தொடங்கியபோது பத்திரிகைகளும் மைசூர் மக்களும் குரல் கொடுத்தார்கள். அரசு தலையிட்டது. அவர் கன்னடத்தில் எழுதியவர் அல்லவே, அவர் வீட்டுக்கு எதற்கு அரசுப் பணம் என்று சில கன்னட எழுத்தாளர்கள் ஆட்சேபித்ததும் உண்டு. தமிழிலும் அவர் எழுதவில்லை. அப்படிப் பார்த்தால் தமிழர்களும் கைவிட வேண்டியதுதான். நல்லவேளை, மைசூர் மாநகராட்சி வீட்டைச் செப்பனிட்டு 2016-ல் நினைவு இல்லமாகத் திறந்தது. தமிழ்ப் பாட்டி வளர்த்த பிள்ளை, கன்னடத் தெருக்களில் நடந்து, ஆங்கிலத்தில் எழுதினார். எந்தத் துளி எந்த மண்ணிலிருந்து வந்தது என்று இனிப் பிரித்துப் பார்க்க முடியுமா?

ஸ்டேஷனின் கதை அதோடு முடியவில்லை. 1980-களில் 'மால்குடி டேஸ்' தொலைக்காட்சித் தொடரை எடுக்க வந்த கன்னட நடிகர் சங்கர் நாக், ஆகும்பேயை மால்குடி ஆக்கினார். இசையமைத்தவர் நம் எல். வைத்தியநாதன், சித்திரம் வரைந்தவர் நாராயணின் தம்பி ஆர்.கே. லக்ஷ்மண். ரயில் காட்சிகளுக்கு ஷிமோகாவிலிருந்து தாளகுப்பா போகும் பாதையில் அரசாளு என்ற சின்ன ஸ்டேஷனைப் பிடித்தார்கள். அதன் பழைய கட்டடத்தைத் தென்மேற்கு ரயில்வே புதுப்பித்து, 2020-ல் மால்குடி மியூசியம் என்று பெயர் வைத்தது. கவுண்டரில் போய் மால்குடிக்கு ஒரு டிக்கெட் என்று கேட்டால் மட்டும் கொடுக்க மாட்டார்கள். அரசாளுவுக்குத்தான் வாங்க வேண்டும்.